மீட்டர் ஓடும்போது பேசக்கூடாது

மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன இன்பசேகரன் சார்தான் முதலில் தும்மினார். தும்மிவிட்டு, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஒரு முழி முழித்து, மூக்கைத் துடைத்து, பொத்தானை அமுக்கி அதுவரை பதிந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மாசுக்கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து வந்தவர், சளி பிடித்த மனிதர், கக்கத்தில் ஒரு குடை. மூன்று கால் ஸ்டாண்டின் உச்சியில், கறுப்புப் பஞ்சு உருண்டையைக் குல்லாய் போலப் போட்டுக்கொண்டு, சுகந்தாமணி வீட்டு மொட்டைமாடி நடுவில் சத்தம் அளக்கும் மீட்டர் நின்றது. அதன் மூக்கு, மதில்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் போர்ஜிங் கம்பெனியின் தகரக் கூரையை மோப்பம் பிடித்தது. அரை மணி நேரம். இந்த அரை மணி நேரம் அவள் செய்யவேண்டியது ஒரே ஒரு காரியம்தான். தூங்கிவிடக்கூடாது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு விடிந்து வந்தவள், காலையில் வருவதாகச் சொன்ன சார் மதியச் சோறு முடித்து வரும்வரை காத்திருந்தவள், இப்போது தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் கம்பெனி மேனேஜர் சென்னியப்பன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு. அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. அவளுடைய இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் சத்தத்தால் தூங்கவே முடியவில்லை என்று மனு போட்டவள், அந்தச் சத்தத்தை அளக்கும்போதே தலை தொங்கித் தூங்கினால், அப்புறம் அந்த மனுவை எதற்கு வைத்திருப்பது, வடை மடிக்கவா. அவள் கண்ணை அகல விரித்தாள். விரித்த கண்ணில் வெயில் மிளகாய்ப்பொடியாக விழுந்தது.

டம். டம். டம். அப்புறம் ஒரு இடைவெளி, பழுத்த இரும்பை இடுக்கியால் புரட்டிப் போடும் நேரம். மறுபடி டம். இது சின்ன ஹேமர். காதோடு நின்றுவிடும். பெரியது அப்படியில்லை, அது காதுக்கே வராது, தரை வழியாக வரும், கட்டில் கால் வழியாக ஏறும், விலா எலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டு உள்ளேயிருந்து அடிக்கும், காதில் பஞ்சு வைத்தால் பஞ்சுக்குப் பின்னாலிருந்து அடிக்கும். வாரம் ஆறு நாள், காலை எட்டிலிருந்து பொழுது சாயும்வரை. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகரும், அதனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பழைய சேலைத்துணி மடித்து வைத்திருந்தாள். சாமி படங்கள் வெள்ளிக்கு வெள்ளி ஒரு பக்கம் சாய்ந்துவிடும், முருகன் எப்போதும் இடப்பக்கம், லட்சுமி எப்போதும் வலப்பக்கம், பேசி வைத்துக்கொண்டாற்போல. ஆனால் இன்றைக்கு, பார், இன்றைக்குக் காலையிலிருந்து பெரியது மூச்சுவிடவில்லை. மீட்டர் ஓடுவதற்கு முன்னாலேயே சொன்னாள், சார் இது அது இல்லைங்க சார், இது சின்னது, நெசமானதைப் போடச் சொல்லுங்க என்று. சென்னியப்பன் கையைப் பிசைந்தார். "பெரிய ஹேமரு இன்னிக்கு சர்வீஸுக்கு நிறுத்தியிருக்குதுங்க சார். சார் தாராளமா அளங்க. எத்தனை நேரம் வேணும்னாலும் தாராளமா." இன்பசேகரன் சார் மூக்கை உறிஞ்சினார். "ஓடறதைத்தாம்மா நான் அளக்க முடியும். ஓடாததை எப்படி அளக்கறது, சொல்லு." நியாயம்தான். மீட்டரில் இரண்டு எண்கள் தெரிந்தன. மேலே இருப்பது இந்த நொடியின் சத்தம், கீழே இருப்பது ஆரம்பத்திலிருந்து சராசரி என்று அவர் காட்டியிருந்தார். குடியிருக்கும் இடத்தில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டக்கூடாது. கீழே ஐம்பத்து மூன்று. நல்ல பிள்ளை மாதிரி ஐம்பத்து மூன்று. டம், ஐம்பத்து மூன்று. டம் டம், அப்போதும் அதேதான். பரீட்சைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்த போக்கிரி.

தாராளமா. அந்த வார்த்தையை அவர் சொல்லும் தினுசு, ளாவை நாக்கில் வைத்து ஒரு உருட்டு உருட்டி, மாவை வழவழப்பாக்குவது போல. தா-ராளமா. சுகந்தாமணி வாய்க்குள் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது. ஒரு காலத்தில் அவளுக்கு எல்லாக் குரலும் வரும். நர்ஸிங் ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு வார்டன் குரலில் "யாரது அங்க சிரிக்கறது, ரூம் நம்பர் சொல்லு" என்று இருட்டில் கேட்பாள், பக்கத்து அறைப் பெண்கள் போர்வைக்குள் உறைந்துபோவார்கள், நிஜ வார்டன் ஒருநாள் வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு "என் குரல் இவ்வளவு மூக்காவா இருக்கு" என்று மட்டும் கேட்டாள், அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு விலா பிடித்துக்கொண்டது. இருதய டாக்டரின் இருமல், லிஃப்ட்காரரின் கொட்டாவி, காலை ரவுண்ட்ஸில் "ஹவ் ஆர் யூ, நல்லாத்தானே இருக்கீங்க, குட்" என்று பதிலுக்கு நிற்காமல் ஓடும் பெரிய டாக்டர். எல்லாம் வரும். இப்போது வார்டில் யாராவது, மணி சிஸ்டர், அவரை மாதிரி ஒருதடவை பேசிக் காட்டுங்களேன் என்றால், வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. குரல்கள் எங்கும் போகவில்லை. எல்லாம் உள்ளேதான் கிடக்கின்றன, சாவி யாரிடமோ. பேசக்கூடாத இந்த அரை மணியில்தான் ஒவ்வொன்றாக எழுந்து தலைக்குள் நடக்கின்றன, மேனேஜர், டாக்டர், வார்டன், ஜோதிலிங்கம் அங்கிள். டம். டம்.

ஜோதிலிங்கம் அங்கிள் காலனிச் சங்கத்துச் செயலாளர், பாங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மட்டும் இன்றைக்கு இத்தனை கெட்டிக்காரத்தனம் பண்ணாமல் இருந்திருந்தால் தேவலை. கம்பெனிச் சத்தம் மட்டும் சுத்தமாகப் பதியவேண்டும், வேறு எதுவும் கலந்துவிடக்கூடாது, கலந்தால் நாளைக்கு அவர்கள் மிக்ஸி மேல் பழி போடுவார்கள் என்று கணக்குப் போட்டு, தெருவையே அடக்கிவிட்டார். மிக்ஸி கிடையாது, மோட்டார் கிடையாது, டிவி கிடையாது. நாய்களுக்கு பிஸ்கெட். தயிர்க்காரரின் சைக்கிள் பெல்லைக் கழற்றி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவரும் மாடிக்கு வந்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்து "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று கத்திக்கொண்டே இருந்ததால், இன்பசேகரன் சார், ஐயா நீங்க கீழ நின்னு கேட்டைப் பார்த்துக்குங்க என்று அனுப்பிவிட்டார். அதனால் நடந்தது என்ன. அவர்கள் பெரியதை நிறுத்தினார்கள், நாங்கள் மிச்சத்தையெல்லாம் நிறுத்தினோம். இந்தக் காலனி பிறந்ததிலிருந்து இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை. அங்கேதான் எல்லாரும் விழுந்தோம். மனை பார்க்கக் கூட்டிவந்தது ஞாயிற்றுக்கிழமை. எல்லாருக்கும் லீவு அன்றைக்குத்தானே. புரோக்கர் வேனில் அழைத்துவந்து ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார், காற்று சிலுசிலுவென்று வந்தது, எங்கோ ஒரு மைனா. அந்தத் தகரக் கொட்டகை என்னங்க என்று அவள் கேட்டாள், கேட்கத்தான் செய்தாள். "அதுங்களா, ஏதோ ஒர்க்‌ஷாப்புங்க அம்மிணி, அது பாட்டுக்கு இருக்கும், ஒரு தொந்தரவும் பண்ணாது." பூமி பூஜை ஞாயிற்றுக்கிழமை, நிலை வைத்தது ஞாயிற்றுக்கிழமை, கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை, பால் பொங்கியது, சொந்தக்காரர்கள் எல்லாரும் என்ன அமைதியான இடம் மணி என்றார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பொங்கிய பால் சட்டியோடு அடுப்பு மேடையில் நடந்து வந்தது. ஒரு தெருவே ஞாயிற்றுக்கிழமையை நம்பி வீடு கட்டியிருக்கிறது. சென்னியப்பன் அதைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் பவ்யமாகக் கேட்பார். "நாங்க வந்தப்ப இங்க வெறும் சோளக்காடுங்க. நீங்க வந்தப்ப நாங்க இருந்தமுங்க. யாரு பக்கத்துல யாரு வந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க." கேட்பது நியாயம்தான். நியாயமாக இருந்தாலும் தூக்கம் வேண்டுமே.

தலை ஒரு விரற்கடை தாழ்ந்தது. நிமிர்த்தினாள். பார்த்துவிட்டார். ஏலக்காய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. கட்டைவிரல் நகத்தால் தன் தொடையைக் கிள்ளினாள், சேலைக்கு மேலாகத்தான், வலி எங்கோ பக்கத்து வீட்டில் நடந்தது. பகல்லதானே ஓடுது, இது எல்லாரும் சொல்வது. ராத்திரி நிறுத்திடறாங்களே, அப்புறம் என்ன. ஊர் தூங்கும்போது அவர்களும் தூங்குகிறார்கள், நியாயம்தான், எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது, ஊர் தூங்கும்போது முழித்திருப்பவளுக்குத்தான் கணக்கு உதைக்கிறது. பகல் டியூட்டி கேட்டாயிற்று. நர்ஸிங் சூப்பிரண்டு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எல்லாருக்கும் பகல் வேணும்னா ராத்திரிக்கு நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிரலாமா மணி" என்றாள். அதுவும் அப்படியே வரும் அவளுக்கு, அந்தக் கண்ணாடி இறக்கம் உட்பட. வீட்டுக்காரர் மாணிக்கராஜ் ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷமாக மெஷின் நடுவே நிற்பவர், காதில் பாதியை மில்லிலேயே விட்டுவிட்டு வந்தவர், பெரிய ஹேமர் அடிக்கும்போது குறட்டை விடுவார், இரண்டும் தாளம் தப்பாமல் சேரும். "அது பாட்டுக்கு அடிக்குது, நீ பாட்டுக்குத் தூங்கேன்." சொல்லிவிட்டு, பழைய ரப்பர் செருப்புகளை வெட்டிக் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தார். நான்கு காலுக்கும் செருப்பு போட்ட கட்டில். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு, ஆனால் அன்றைக்கும் எட்டு மணிக்குக் கட்டில் செருப்போடு குதித்தது. டம். இடைவெளி. இந்த இடைவெளிதான் ஆகாது. அடி தாங்கிக்கொள்ளலாம், அடுத்த அடிக்குக் காத்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது, உடம்பு முழுக்க ஒரு காதாக மாறி இப்போதா, இப்போதா என்று. டம்.

இப்போதா என்று நின்ற இடம் ஒன்று உண்டு. அதை நினைக்கக்கூடாது என்றால் அதுதான் வரும். போன வாரம், விடியும் நேரம், ஜன்னலோரக் கட்டில். பஸ் கண்டக்டர் ஒருவர், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், வலி ஊசி போடவேண்டிய வேளை. அவள் கையில் சிரிஞ்ச். அது காலியாக இருந்தது. காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம், அல்லது இன்னும் மருந்து ஏற்றவே இல்லை என்று அர்த்தம். எது. தலைக்குள் பெரிய ஹேமர் அடித்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில், விடியற்காலையில், ஹேமரே இல்லாத இடத்தில், டம், டம், ஒவ்வொரு அடிக்கும் இடையில் இருந்த நினைவை யாரோ இடுக்கியால் எடுத்து வெளியே போட்டிருந்தார்கள். குடுத்துட்டேனா, இன்னும் குடுக்கலையா. மருந்துப் புட்டி பக்கத்தில்தான் இருந்தது, கை அதற்குப் போய்விட்டது. கண்டக்டர் கண்ணைத் திறந்து, பேருந்தில் இரண்டாம் முறை சில்லறை நீட்டுகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன சிஸ்டர், இப்பத்தானே குத்துனீங்க. அதுக்குள்ள ரிட்டர்ன் டிக்கெட்டா." அவள் சிரித்தாள். சும்மா பார்த்தேங்க என்றாள். மருந்து அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் நின்றாள், கை அது பாட்டுக்கு அமைதியாக இருந்தது, அதுதான் பயம். அவர் முழித்துக்கொண்டிருந்தார். பேசத் தெரிந்தவர். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மயக்கத்தில் இருந்தார். அடுத்த முறை அந்தக் கட்டிலாக இருந்தால். இதை மனுவில் எழுத முடியாது. தூக்கம் பாதிக்கப்படுகிறது என்று ஜோதிலிங்கம் அங்கிள் அழகான தமிழில் எழுதினார், தூக்கம் பாதிக்கப்படுவது என்றால் என்ன என்று எழுதவில்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை, வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை, இந்தப் பஞ்சுக் குல்லாய் போட்ட மீட்டர் ஒன்றுதான் அதைச் சொல்லவேண்டும், அதுவோ ஐம்பத்து மூன்று என்கிறது.

போன வருஷமும் இப்படித்தான் வேறொரு அதிகாரி வந்தார், வேறொரு சர்வீஸ் நாள், விதிமுறைக்கு உட்பட்டே உள்ளது என்று ஒரு வரி, மனு முடிந்தது. இது இரண்டாவது. மூன்றாவதாக ஒன்று போட்டால் யார் படிப்பார்கள். இத்தனைக்கும் பெரிய வித்தை எதுவும் வேண்டாம், மாடி ஏறும்போது இன்பசேகரன் சாரே மூச்சு வாங்கச் சொன்னார், ஹேமர் அஸ்திவாரத்துக்கு அடியில் ஸ்பிரிங் கட்டை வைக்கவேண்டும், காலனி பக்கத்து ஜன்னல்களை அடைத்து உள்ளே சத்தம் உறிஞ்சும் பலகை அடிக்கவேண்டும், முக்கால்வாசி போய்விடும் என்று. ஆனால் அளவு தாண்டினால்தான் செய் என்று எழுத முடியும், தாண்டாவிட்டால் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். சென்னியப்பன் உடனே தலையாட்டினார். "அதுக்குத்தானுங்க சார் மரம் நட்டிருக்கறமுங்க. மரம் சத்தத்தை அப்படியே குடிச்சுக்குமாமுங்க." மதில் ஓரம் ஏழெட்டு வேப்பங்கன்றுகள், முழங்கால் உயரம், அதில் இரண்டை ஆடு மேய்ந்துவிட்டது. குடிக்கும் என்று நிற்கின்றன, பாவம். நல்ல மனிதர்தான் சென்னியப்பன், மாணிக்கராஜுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கம்பெனி ஜீப்பில் கூட்டிப்போனவர், தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு ஸ்வீட் பாக்ஸ், அவரும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர், முதலாளி அவரை என்ன சொல்லி அனுப்பியிருக்கிறாரோ. அவர் மடியில் செல்போன். கேமரா இந்தப் பக்கம் பார்த்திருந்தது. வேண்டுமென்றா, தற்செயலா. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், கல்யாண போட்டோவுக்கு உட்காருவது போல. ஒரு போட்டோ போதும். கீழே ஐம்பத்து மூன்று, மேலே வாய் பிளந்து தூங்கும் மனுதாரர். இன்பசேகரன் சார் கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து, தும்மல் வராமல் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கை வந்து தொட்டி மேல் உட்கார்ந்தது, அதுவும் பேசவில்லை, அதற்கும் அங்கிள் பிஸ்கெட் கொடுத்திருப்பார்.

பேசாமல் இருப்பது எவ்வளவு சுகம். இப்படி ஒரு மத்தியானம் எப்போது இருந்தது. சின்ன ஹேமர் இப்போது டம் என்றுகூடச் சொல்லவில்லை, டுப், டுப் என்றது, தொட்டில் ஆட்டும்போது கொக்கி சொல்வது போல. தொட்டியில் தண்ணீர் தளும்பியது. முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இதோ மீட்டர் தெரிகிறது, இதோ கறுப்புக் குல்லாய், குல்லாய்க்குக் கீழே கண்டக்டர் முகம், டிக்கெட் டிக்கெட் என்கிறார், எங்கே போகணும் சிஸ்டர், ஐம்பத்தைந்து தாண்டி ஒரு ஸ்டாப் இருக்கே அங்கே, அங்கெல்லாம் இந்த பஸ் நிக்காதுங்க என்கிறார், தாராளமா நிக்கும் என்கிறாள் இவள், கட்டில்கள் எல்லாம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வரிசையாக ஏறுகின்றன, சத்தமே இல்லை, நர்ஸிங் சூப்பிரண்டு கண்ணாடியை இறக்கி வேப்பங்கன்றுக்கு ஊசி போடுகிறாள், போட்டாச்சா போடலையா என்று கேட்கவேண்டும், கேட்டால் மீட்டரில் பதிந்துவிடும், பேசக்கூடாது, பேசக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை காற்று வருகிறது, யாரோ நிழலைப் போர்த்துகிறார்கள், மேலே ஒரு கறுப்பு ஆகாயம் விரிகிறது, கம்பி கம்பியாக, நல்ல நிழல், வார்டன் விளக்கை அணைத்துவிட்டாள், யாரது அங்கே சிரிக்கிறது.

"முடிஞ்சுதுங்க." எங்கோ கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். "ஆமாங்க, அரை மணியும் ஆயிருச்சுங்க. அம்பத்து மூணுதானுங்க. அம்மிணி நல்லாத் தூங்கியே போயிருச்சுங்க, நான் போட்டோவும் எடுத்துட்டேன். சாரு சாமானத்தைக் கட்டிட்டுத்தான் இருக்கோணும், நான் எறங்கி வந்துட்டேன். பெருசைப் போட்டுருங்க, லாரி வந்து நிக்குதில்ல, சாயங்காலத்துக்குள்ள அந்தப் பீஸ் போயாகோணும்." சென்னியப்பன் செல்போனில் பேசும் குரல், தெரு முனையில் இருந்தது. தெருதான் மூச்சுப்பேச்சு இல்லாமல் கிடந்ததே, ஒவ்வொரு வார்த்தையும் தட்டில் வைத்தாற்போல மாடிக்கு வந்தது. சுகந்தாமணி கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது. தூங்கிவிட்டாள். ஒரே ஒரு காரியம், அரை மணி நேரம், அதைக்கூடச் செய்ய முடியாதவள். கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது, அதுவும் போட்டோவில் வந்திருக்கும். இனிமேல் யாரிடம் போய் என்ன சொல்வது. ஜன்னலோரக் கட்டில், அதற்குப் பக்கத்துக் கட்டில், பேசத் தெரிந்தவர், பேச முடியாதவர், கையில் காலி சிரிஞ்ச். நாளைக்கே வேலையை விட்டுவிடலாம். அல்லது வீட்டை. எதை விட்டாலும் முதலில் இன்னும் கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாம். அப்போது நாற்காலியின் நான்கு காலும் தரையை விட்டு எழும்பி இறங்கின.

பெரியது. விலாவுக்குள். தொட்டி மேல் இருந்த காக்கை கத்திக்கொண்டே பறந்தது. கண் தானாகத் திறந்தது, திறந்த வாயில் மன்னிச்சுக்குங்க சார் என்று முதல் எழுத்து வந்து நின்றது, நின்றுவிட்டது, ஏனென்றால் இன்பசேகரன் சார் உதட்டின் மேல் விரலை வைத்திருந்தார். அதே பெயின்ட் வாளி. எதையும் கட்டவில்லை. எதிர் நாற்காலி காலி. தொட்டி நிழல் அவளைவிட்டு எப்போதோ நகர்ந்துபோயிருந்தது, ஆனால் வெயில் அவள் மேல் இல்லை, நாற்காலி முதுகில் அவருடைய குடையைத் துண்டால் கட்டி விரித்து வைத்திருந்தார். எழுப்ப மனசில்லாமல் உட்கார்ந்தாரா, வேண்டுமென்றே உட்கார்ந்தாரா, அந்தச் சளி பிடித்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மீட்டரில் சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மின்னியது. ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அசையாதே என்று கையைத் தாழ்த்திக் காட்டினார், நாற்காலி கிறீச்சிட்டால் அதுவும் சேர்ந்துவிடும். கீழ் எண் ஐம்பத்து நான்கு. டம் என்று பெரியது மறுபடி, மேல் எண் எண்பதைத் தொட்டு விழுந்தது, கீழே ஐம்பத்தைந்து. மறுபடி. ஐம்பத்தைந்திலேயே. தாண்டவேண்டும், தொட்டால் போதாது. இடைவெளி. இரும்பைப் புரட்டுகிறார்கள். புரட்டட்டும். நல்லாப் புரட்டுங்கப்பா. உடம்பு முழுக்க ஒரு காதாக இப்போதா, இப்போதா என்று அவள் காத்திருந்தாள், வந்த நாளிலிருந்து காத்திருக்கிறவள்தான், வரட்டும் என்று காத்திருப்பது இதுதான் முதல்முறை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறியது. தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்திருப்பார், கறுப்புக் குல்லாய் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருப்பார். சென்னியப்பன் கடைசிப் படியில் வந்து நின்றார், சட்டை மடிப்பு கலைந்து, வாயில் ஏலக்காய் இல்லாமல், செல்போனைக் காதுக்குப் பாதி தூக்கி, சார் என்று சொல்ல வாயைத் திறந்து. சுகந்தாமணி விரலை உதட்டின் மேல் வைத்தாள். மற்றக் கையால் மீட்டரைக் காட்டினாள். தெரியும் அவருக்கு, ஓடும்போது பேசக்கூடாது, அவர் எதிரில்தானே சொன்னார்கள், சரிங்க சார் என்று தலையாட்டினவர். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. போனில் யாரோ ஹலோ ஹலோ என்று சின்னதாகக் கூப்பிட்டார்கள், அவர் கட்டைவிரலால் அதை அணைத்தார். திரும்பிக் கீழே ஓடலாம், ஓடினால் படி அதிரும், அல்லது அந்த நல்ல மனிதருக்கு அது தோன்றவே இல்லை, அப்படியே நின்றார். கண் எரிந்தது அவளுக்கு, கழுத்து நட்டுக்கொண்டு நிற்கவில்லை, அரை மணியோ ஒரு மணியோ தூங்கின தூக்கம் பசியைக் கிளப்பிவிட்ட ஒரு வாய்ச் சோறு போல இன்னும் கேட்டது. தகரக் கூரைக்கு அடியில் இடுக்கி மோதும் சத்தம், அதற்குப் பின்னால் ஹேமர் மேலே ஏறும் அந்த மூச்சு. உதட்டை அசைக்காமல், தொண்டையைத் திறக்காமல், நாக்கு நுனியில் ஒரு உருட்டு உருட்டி, அச்சு அசலாக அவர் குரலிலேயே உள்ளுக்குள் சொன்னாள். அடிங்க. தாராளமா அடிங்க. அம்மிணி முழிச்சுட்டுத்தான் இருக்குது.

அடித்தது.